உடனிருப்பவர் பெயர்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம் என்று போன வாரம் அனுமதி கிடைத்தது. அதனால் இன்று முதல் துணிகளை நானே கொடியில் காயப்போடுகிறேன்.

அலுவலகத்தில் பலர் என்ன நடந்தது, வலித்ததா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறேன். விட்டுவிடுவது எப்போதும் ஒரே இடம்தான் என்பதைக் கவனித்தேன். அதையும் சேர்த்து ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். என்னைப் போலத் தனியாக இருக்கும் பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் பயன்படலாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு மைக்ரோமீட்டர் காட்டும் அளவு உண்மையான அளவுதானா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். மாங்காட்டில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதிலிருந்து டைரி எழுதும் பழக்கம் உண்டு.

நோயின் தொடக்கம் அந்த டைரியிலேயே இருக்கிறது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

‘புதன். ஆபிஸ் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. சரியான தூக்கமில்லை.’

‘சனி. குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் இருட்டியது. மூன்று விநாடி. வெயில்.’

‘செவ்வாய். மறுபடியும் கண் இருட்டல். ஐந்து விநாடி. காலையில் சாப்பிடாததால்.’

இப்படி ஐந்து வாரத்தில் பதினொரு குறிப்புகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். தூக்கம், வெயில், பசி, வயது. எழுதியதும் நான், அதை ஒப்புக்கொண்டதும் நான். ‘இதெல்லாம் காரணமா?’ என்று கேட்க எதிரில் ஒருவர் இருந்திருந்தால் இரண்டாவது வாரமே டாக்டரிடம் போயிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மா மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. அளவு விபரீதமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் தொழிலில் சொல்லிக்கொடுத்த பாடம். கைக்கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். இரண்டையும் செல்போனோடு ஒப்பிட்டேன். மூன்றும் சரியாக இருந்தன. மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு.

திங்கட்கிழமை காலை ஒரு பையில் துண்டு, இரண்டு செட் துணி, அடையாள அட்டைகள், டைரி, இரண்டு செல்போன்கள் எடுத்துவைத்தேன். ஒன்று அன்றாடம் பேசுவது. இன்னொன்று பழையது, வங்கிச் செய்திகளுக்காக மட்டும் வைத்திருப்பது. கிளம்பும் முன் ஆறு பத்துக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டு ஆறு முப்பத்தைந்துக்கு நிறுத்தினேன்.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரே போர்வெல், ஒரே மோட்டார். காலையில் மாடி வீடு போட வேண்டும், மாலையில் கீழ் வீடு என்று ஏற்பாடு. கீழ் வீட்டில் பஷீர் பாய் குடும்பம். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி ஷம்ஷாத் வீட்டிலேயே பிளவுஸ், நைட்டி தைக்கிறார். ஒரு மகள் பள்ளிக்குப் போகிறாள். நான் குடிவந்த புதிதில் ஒரு மாலை அவர்கள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. கீழே போய்ச் சொன்னேன். “பத்து நிமிசம் தண்ணி ஓடுனா ஊரே முழுகிடுமா?” என்று பாய் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதன்பிறகு சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி மோட்டார் பெட்டியில் ஒட்டிவிடுவேன். தேதி, நேரம், விஷயம். ‘நேற்று மாலை 20 நிமிடம் கூடுதலாக ஓடியது.’ ‘மோட்டாரில் சத்தம் வருகிறது, கவனிக்கவும்.’ ஒரு சீட்டில் மட்டும் ‘மிக அவசரமானால் மட்டும்’ என்று எழுதி பழைய செல்போனின் எண்ணைக் கொடுத்திருந்தேன். அந்த எண்ணில் யாரும் கூப்பிட்டதில்லை. ஆறு வருடம் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. இதைத்தான் நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லி சாலையில் இருக்கும் அந்த மருத்துவமனைக்குப் பஸ்ஸில்தான் போனேன். பதிவு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ‘உடனிருப்பவர் பெயர், உறவு, கைபேசி எண்’ என்று ஒரு வரி. எண்ணுக்குப் பத்துக் கட்டங்கள். தம்பி பெயரை எழுதினேன். உறவு, தம்பி. சிங்கப்பூர் எண்ணுக்கு எட்டு இலக்கம்தான், இரண்டு கட்டம் மிஞ்சும். கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் முழுமையடையாது. ஆகவே என் பழைய செல்போனின் எண்ணை அதில் எழுதினேன். கம்பெனிப் படிவத்திலும் பல வருடங்களாக அப்படித்தான் எழுதிவந்தேன். ஒரு நாளும் தவறென்று தோன்றவில்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன.

காத்திருக்கும் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே எல்லோர் கையிலும் இன்னொருவருடைய பொருள் இருந்தது. ஒரு பெரியவர் மனைவியின் செருப்பைக் கையில் வைத்திருந்தார். ஒரு பெண் யாருடைய மூக்குக் கண்ணாடியையோ முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மடியில் என் பை இருந்தது. என்னைக் கூப்பிட்டபோது அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இ.சி.ஜி. எடுத்த சிஸ்டர் காகிதத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், “எழுந்திரிக்காதீங்கம்மா” என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த என்னை அங்கிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் என்னைவிட இருபது வயது சிறிய பெண். பொறுமையாக விளக்கினார். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. துடிக்கச் சொல்லும் மின்துடிப்பு மேலே பிறந்து, ஒரு மெல்லிய பாதை வழியாகக் கீழே இறங்கும். எனக்கு அந்தப் பாதை அறுந்துபோயிருந்தது. “மேல எண்பது துடிக்குது. கீழ அது பாட்டுக்கு முப்பத்தாறு துடிக்குது. ரெண்டும் வேலை செய்யுது மேடம், ஆனா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் போகல” என்றார். இதற்கு ஹார்ட் பிளாக் என்று பெயர். ரத்தக் குழாய் அடைப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அது வேறு, இது வேறு. குழாய்கள் எனக்குச் சுத்தமாக இருந்தன.

இதற்குத் தீர்வு பேஸ்மேக்கர். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கருவியை இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, இரண்டு கம்பிகளை இதயத்துக்குள் இறக்குவார்கள். மேலே பிறக்கும் துடிப்பை அது கீழே கொண்டுசேர்க்கும். அதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனைகள் பார்க்க வேண்டும். அதுவரை இதயம் நின்றுவிடாமலிருக்கத் தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு தற்காலிகக் கம்பி. அது அவசரம் என்பதால் என் கையெழுத்தே போதும் என்றார்கள். போட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கூரைப் பலகைகளை எண்ணினேன். நீளவாக்கில் பதினான்கு, அகலவாக்கில் ஒன்பது. பக்கத்துக் கட்டில்களுக்குக் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் ஆட்கள் வந்தார்கள். பார்வையாளர் நேரம் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிற நோயாளியைப் பார்த்து ‘உங்களுக்கு யாரும் வரலையா?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

செவ்வாய் இரவு தம்பி பேசினான். சனிக்கிழமைதான் டிக்கெட் கிடைக்கிறது என்றான்.  ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக வா என்று நான்தான் சொன்னேன்.

புதன்கிழமை காலை டாக்டர் வந்தார். பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை, நாளை காலை பேஸ்மேக்கர் வைத்துவிடலாம், உடனிருப்பவர் வந்து ஒப்புதலில் கையெழுத்துப் போட வேண்டும், ஆபரேஷன் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும், பிறகு வார்டில் ஒரு பெண் துணைக்குத் தங்க வேண்டும் என்றார். சிஸ்டர் என் கோப்பைத் திறந்து, படிவத்தில் இருந்த எண்ணுக்கு அங்கேயே நின்றுகொண்டு போன் செய்தார்.

என் கட்டிலுக்கு அடியிலிருந்த பைக்குள் பழைய செல்போன் ஒலித்தது.

சிஸ்டர் முதலில் கவனிக்கவில்லை. காதில் வைத்தபடி, “ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாரு” என்றார். பிறகு குனிந்து பையைப் பார்த்தார். தன் அழைப்பைத் துண்டித்தார். பைக்குள் ஒலி நின்றது. இன்னொரு முறை அழைத்துப் பார்த்தார். பை மறுபடி ஒலித்தது.

அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் விட்டுவிடும் இடம் இதுதான்.

“என்னம்மா இது?” என்றார் சிஸ்டர். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பத்துக் கட்டங்கள் இருந்தன என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. மார்பில் ஒட்டியிருந்த கம்பிகள் வழியாக என் அழுகை மானிட்டரில் கோணல்மாணலான கோடாக ஓடியது.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொடைக் கம்பியை அதிக நாள் வைத்திருந்தால் கிருமி தொற்றும், நகர்ந்துவிட்டால் அதுவே ஆபத்து, சனிக்கிழமைவரை காத்திருக்கத் தனக்கு இஷ்டமில்லை என்றார். யாராவது ஒருவர் போதும். ஆபிஸில், பக்கத்து வீட்டில், தெரிந்தவர் யாராவது. மாலைக்குள் சொல்லுங்கள் என்றார். சிஸ்டர் இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்துக்கொண்டார். யாருக்குப் பேச வேண்டுமோ சொல்லுங்கள், நான் போட்டுத் தருகிறேன் என்றார்.

கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டேன். என் பிரிவில் ஐந்து பேர். ஒருத்தியின் மகனுக்குப் பரீட்சை. இன்னொருத்தியின் மாமியார் படுக்கையில். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மற்றவர்களிடம் சொல்லும்போது காதில் விழுந்தது. என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. முப்பது வருட டைரியில் ‘இன்று நான் இன்னாருக்குப் போன் செய்தேன், சும்மா’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். நேரங்கள் இருந்தன. வேலைகள் இருந்தன. ஆட்கள் இல்லை. நாளைக் காலை அந்த அறைக்கு வெளியே நாற்காலி காலியாக இருக்கும். அதற்காகவே ஆபரேஷன் தள்ளிப்போகும்.

மதியம் இரண்டரை மணி இருக்கும். சிஸ்டர் மேசையில் பழைய செல்போன் ஒலித்தது. அவர் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். “கீழ் வீடாம்” என்றார்.

“அக்கா, நேத்தும் மோட்டார் சத்தம் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. கேட்டாண்ட பால் பாக்கெட்டு அப்படியே கீது. எங்கக்கா கீறீங்க?” ஷம்ஷாத்தின் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் இல்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பேசுகிறார் என்று புரிந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆபிஸ் வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

 “போன எடுத்தவங்க சிஸ்டர்னாங்களேக்கா. எந்த ஊரு ஆபிஸ்ல சிஸ்டர் கீறாங்க?” என்றார்.

கட்டிலருகே சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் உண்மையைச் சொன்னேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை எது, என்ன நோய், என்ன தேவைப்படுகிறது என்று வரிசையாகச் சொன்னேன், மோட்டார் சீட்டில் எழுதுவது போல. முடித்துவிட்டு, “உங்களுக்கு வேலை இருந்தால் பரவாயில்லை” என்றேன். அதற்குள் அங்கே போனை வைத்துவிட்டிருந்தார்கள்.

நாற்பது நிமிடத்தில் வந்தார்கள். பார்வையாளர் நேரம் இல்லை என்று வாசலில் தடுத்தபோது, கையெழுத்துப் போட வந்திருக்கிறோம் என்று பாய் வாதாடியது உள்ளே எனக்குக் கேட்டது. ஒப்புதல் படிவத்தோடு வந்த எழுத்தர் என் கட்டிலருகே நின்று உறவு என்ன என்று கேட்டார். ஷம்ஷாத் பாயைப் பார்த்தார்.

“கீழ் வூடுன்னு போடு” என்றார் பாய்.

“அப்டிலாம் போட முடியாதுங்க. அக்கா, தங்கச்சி, எதனா ஒண்ணு போடுங்க.”

“இன்னாக்கா போடட்டும்?” என்று ஷம்ஷாத் என்னிடம் கேட்டார்.  பிறகு அவரே தங்கச்சி என்று எழுதினார். எழுத்தர் இரண்டு பெயர்களையும் படித்தார், எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் ஆபரேஷன் ஒரு மணி நேரம். முழு மயக்கம் கிடையாது. தோளருகே மட்டும் மரத்துப்போகும் ஊசி. வலியில்லை, அழுத்தம் தெரியும், யாரோ மேலே சாய்ந்துகொண்டு ஒரு சிறிய பொட்டலத்தைத் திணிப்பது போல. பிறகு டாக்டர், “இப்ப பாருங்க மேடம்” என்றார். மானிட்டரில் எழுபத்திரண்டு. பாதங்களில் வெதுவெதுப்பு ஏறியது. அவை அத்தனை வாரமாகச் சில்லென்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது ஷம்ஷாத் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கையில் என் செருப்பு இருந்தது.

வார்டில் இரண்டு இரவு ஷம்ஷாத் கட்டிலருகே தரையில் போர்வை விரித்துப் படுத்தார். நன்றாகக் குறட்டை விடுவார். எனக்குச் சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கம் கலைந்துவிடும். அந்த இரண்டு இரவும் தூங்கினேன். டைரியில் அந்தப் பக்கங்களில் நேரக் குறிப்பு எதுவும் இல்லை.

நம்பரை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தையல் அளவு நோட்டின் முதல் பக்கத்தில் சீட்டை ஒட்டிவைத்திருந்தாராம்.

“எங்க ஊட்ல உங்க பேரு இன்னா தெரியுமாக்கா? ஆறு பத்து. ‘ஆறு பத்து போட்டாச்சு, எந்திரிடி’ன்னுதான் பொண்ண எழுப்புவேன். அலாரமே கெடையாது. ரெண்டு நாளா ஸ்கூல் வேன உட்டுட்டா.” பிறகு வேறு குரலில் சொன்னார்: “ஆறு வருசத்துல நாப்பது சீட்டு எழுதுனீங்க. ஒரு வாட்டி கூப்டு சொல்லியிருந்தா இன்னாவாம்? சீட்டு குடுக்கறதுக்கு நாங்க இன்னா ஆபிஸா வெச்சினு கீறோம் கீழ?”

நாற்பத்து நான்கு என்று திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் புரண்டு படுத்துக்கொண்டார். நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை தம்பி வந்து, வீட்டில் பத்து நாள் தங்கி, திரும்பிப் போனான். நான் முன்போலவே தனியாகத்தான் இருக்கிறேன். மாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, கதவைத் திறந்து, விளக்கைப் போடும் அந்த நேரம் மாறவில்லை. நோய் வந்து குணமானால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நான் எழுத மாட்டேன். சில நாள் கீழே போகிறேன். சில நாள் படியில் பாதிவரை இறங்கி, என்ன பேசுவது என்று தெரியாமல் ஏறிவந்துவிடுகிறேன். இந்தப் பழக்கத்துக்குக் கருவி எதுவும் வைக்க முடியாது. பேஸ்மேக்கர் என் ஒவ்வொரு துடிப்பையும் தனக்குள் குறித்துவைக்கிறதாம். பரிசோதனையின்போது டாக்டர் அதை வெளியிலிருந்தே படிப்பார். அந்த டைரியை எழுத மட்டுமல்ல, படிக்கவும் ஆள் இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று கோப்பைக் கேட்டு வாங்கி, உடனிருப்பவர் வரியில் ஒரு திருத்தம் செய்தேன். எங்கள் தொழிலில் பதிவேட்டுப் பிழையைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, பழைய பெயரும் எண்ணும் படிக்கும்படி. மேலே சரியான பெயர், எண். பக்கத்தில் கையொப்பம். அந்தச் சரியான எண்ணை ஷம்ஷாத்திடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சற்று முன், கீழ் வீட்டில் போன் ஒலித்தது. தையல் மெஷின் நின்றது. பிறகு படிக்கட்டின் அடியிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, ஆஸ்பத்திரிலேந்து. அடுத்த செக்கப்புக்கு எப்ப வரீங்கன்னு என்னக் கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?”

பேனாவை மூடினேன். இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும்.